வாட்டர் பிளாக்குக்குக் கீழே என்ன பேஸ்ட் போடுவது?

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் அக்கா மகன் சென்ற ஆண்டு தன் கணினிக்குக் கஸ்டம் லூப், அதாவது தண்ணீரைச் சுற்றவிட்டுச் சிப்புகளைக் குளிர்விக்கும் அமைப்பு, போட்டான். புராசசருக்கு ஒரு வாட்டர் பிளாக் (சிப்பின்மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை உள்ளே ஓடும் தண்ணீருக்குக் கடத்தும் உலோகக் கட்டி), கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று, இரண்டு ரேடியேட்டர், ஒரு பம்ப். பத்து மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் இரவு கூப்பிட்டான். “மாமா, கார்டு மட்டும் சூடாவுது. தண்ணி சூடு அப்படியேதான் இருக்கு.”

அவன் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. தண்ணீரின் வெப்பநிலை ஏறவில்லை என்றால் ரேடியேட்டரும் விசிறிகளும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன. கோளாறு சிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பிளாக்குக்குள் அழுக்கு அடைத்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் கார்டின் சராசரி வெப்பநிலைக்கும் அதன் மிகச் சூடான புள்ளிக்கும் முதல் வாரத்தில் இருந்த வித்தியாசம் 12 டிகிரி, இப்போது 31. சிப்பின் ஓரிடம் மட்டும் இப்படித் தனியாகக் கொதித்தால் சந்தேகம் சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே பூசும் பேஸ்ட்டின் மேல்தான் விழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை லூப்பை வடித்துப் பிளாக்கைக் கழற்றினோம். சிப்பின் நடுப்பகுதியில் பேஸ்ட் ஏறக்குறைய இல்லை, கண்ணாடிபோல் சிலிக்கன் பளபளத்தது. போட்ட பேஸ்ட் எல்லாம் விளிம்பைச் சுற்றி வரப்பு கட்டியதுபோல் ஒதுங்கிக் கிடந்தது. “பெட்டியில 14ன்னு போட்டிருந்துச்சே மாமா” என்றான். பேஸ்ட்டின் வெப்பக் கடத்துதிறனைச் சொல்லும் எண் அது. கடையில் இருந்த டியூப்களில் அதுதான் பெரிய எண் என்பதற்காகவே வாங்கியிருந்தான்.

காற்றில் குளிரும் கணினியில் பேஸ்ட் மாற்றுவது கால் மணி நேர வேலை. தண்ணீர் லூப்பில் அப்படி இல்லை. வடிக்க வேண்டும், குழாய்களைக் கழற்ற வேண்டும், கார்டைத் தனியே எடுத்து இருபது முப்பது திருகுகளை அவிழ்க்க வேண்டும், திரும்ப நிரப்ப வேண்டும், காற்றுக் குமிழி போகும்வரை காத்திருந்து கசிவு பார்க்க வேண்டும். எங்களுக்கு அன்று மாலை ஐந்து மணி ஆயிற்று. வாட்டர் பிளாக்குக்குப் பேஸ்ட் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதனால்தான் வேறு. இது எத்தனை காலம் இடத்தைவிட்டு நகராமல் இருக்கும்? அடுத்தது, எவ்வளவு மெல்லியதாக அழுந்தும்? பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு மூன்றாவது இடம்தான். ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிப்பின் மேற்பரப்பும் பிளாக்கின் அடித்தட்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் இரண்டுமே மேடும் பள்ளமும்தான். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் சில மேடுகள் மட்டும் தொடும், பள்ளங்களில் காற்று தங்கும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.026 வாட் அளவே. செம்புக்கு அது சுமார் 400. நல்ல பேஸ்ட் ஒன்றுக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். அது காற்றைவிட 300 மடங்கு மேல், செம்பைவிட 50 மடங்கு கீழ். பேஸ்ட்டின் தகுதி காற்றை வெளியேற்றுவதில் இருக்கிறது. அந்த வேலை முடிந்தபின் எஞ்சும் ஒவ்வொரு மைக்ரான் பேஸ்ட்டும் வெப்பத்துக்குக் குறுக்கே நிற்கும் தடைதான்.

பேஸ்ட்டின் குறுக்கே எத்தனை டிகிரி ஏறும் என்பதைப் பள்ளிக் கணக்கில் சொல்லிவிடலாம். வெப்பத்தின் அளவைத் தடிமனால் பெருக்கி, கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் போதும். 600 சதுர மில்லிமீட்டர் சிப் 450 வாட் வெப்பம் தருகிறது என்று கொள்வோம். இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகளின் அளவு இதுதான். பேஸ்ட் 50 மைக்ரான் தடிமன், கடத்துதிறன் 8 என்றால் 4.7 டிகிரி. கடத்துதிறனை 12 ஆக்கினால் 3.1 டிகிரி. இதே 12 உள்ள பேஸ்ட் கெட்டியாக நின்று 100 மைக்ரானுக்குக் கீழே அழுந்த மறுத்தால் 6.3 டிகிரி. மாறாக, 6 மட்டுமே உள்ள எளிய பேஸ்ட் 25 மைக்ரானுக்கு மெலிந்தால் மறுபடியும் 3.1 டிகிரி. எண்ணில் பாதி, விளைவில் சமம். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஏறக்குறைய அந்த அளவே உள்ள ஓர் இடைவெளியில்தான் இந்தப் போட்டி முழுதும் நடக்கிறது.

பெட்டியின் எண்ணுக்கு வருவோம். வெப்ப இடைப்பொருள்களை அளக்க ஏஎஸ்டிஎம் டி5470 என்றொரு தரமுறை இருக்கிறது. ஆனால் எந்த அழுத்தத்தில், எந்தத் தடிமனில், எந்த வெப்பநிலையில் அளந்தோம் என்பதை டியூப் விற்பவர்கள் பெரும்பாலும் பெட்டியில் எழுதுவதில்லை. ஒரு நிறுவனத்தின் 8ஐயும் இன்னொன்றின் 14ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பேஸ்ட் என்பது எண்ணெயில் குழைத்த தூள். துத்தநாக ஆக்சைடு, அலுமினா, அலுமினியம் நைட்ரைடு, வெள்ளி, வைரத்தூள் வரை கலக்கிறார்கள். தூள் எத்தனை நன்றாகக் கடத்தினாலும் நடுவில் இருக்கும் சிலிக்கோன் எண்ணெயின் கடத்துதிறன் 0.15 அளவுக்குத்தான் வரும். துகளைப் பெரிதாக்கினால், அதிகமாக அடைத்தால் எண் ஏறும். ஆனால் பேஸ்ட் பெரிய துகளின் அளவுக்குக் கீழே மெலிய முடியாது. அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்குவது ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்கப் போவதுபோல்தான்.

தண்ணீர் வந்ததும் பேஸ்ட்டின் முக்கியத்துவம் ஏன் கூடுகிறது? சிப்பிலிருந்து அறைக் காற்றுவரை வெப்பம் பல படிகளைக் கடக்கிறது. சிலிக்கன், உலோக மூடி, பேஸ்ட், பிளாக், தண்ணீர், ரேடியேட்டர், காற்று. சாதாரண விசிறிக் கூலரில் கடைசிப் படிகளின் தடை பெரியது. பேஸ்ட்டால் வரும் ஓரிரு டிகிரி அதில் கரைந்துபோகும். நல்ல வாட்டர் பிளாக்கின் அடியில் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்துடுப்புகள் சீவப்பட்டிருக்கும். தண்ணீர் அவற்றின் நடுவே அழுத்தத்தோடு பாயும். மற்ற படிகள் இப்படிக் குறையக் குறைய, மிஞ்சி நிற்கும் தடையில் பேஸ்ட்டின் பங்கு தானாகவே பெரிதாகிறது. செலவழித்து லூப் போட்டவருக்குப் பேஸ்ட்டில் கவனக்குறைவு அதிகம் வலிப்பது இதனால்தான்.

ஆனால் புராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. மேசைக்கணினிப் புராசசரின் சிலிக்கன்மேல் உலோக மூடி இருக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்5 வகையில் அதன் அளவு ஏறத்தாழ 40க்கு 40 மில்லிமீட்டர். வெப்பம் அந்த மூடியில் ஓரளவு பரவிய பிறகுதான் பேஸ்ட்டைச் சேர்கிறது. 200 வாட் வெப்பம் மூடி முழுக்கச் சமமாகப் பரவினால் 50 மைக்ரான் பேஸ்ட் தருவது ஒரு டிகிரிக்கும் குறைவு. உண்மையில் அவ்வளவு சமமாகப் பரவுவதில்லை, இரண்டு மூன்று டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். மூடிக்குக் கீழே உள்ள சிறு சிலிக்கன் துண்டுகளும் தடித்த மூடியும் உண்டாக்கும் தடை இதைவிடப் பெரிது. அதை எந்தப் பேஸ்ட்டாலும் மாற்ற முடியாது. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய புராசசர்கள், குளிரூட்டலில் இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றி 95 டிகிரியைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டியே சொன்னது. தண்ணீர் போட்டும் 95 காட்டுகிறதே என்று பேஸ்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே பார்க்க வேண்டியது சிப்பின் வேகமும் அது இழுக்கும் மின்சாரமும்.

கிராபிக்ஸ் சிப்புக்கு மூடி இல்லை. சிலிக்கன் நேரடியாகப் பேஸ்ட்டைத் தொடுகிறது, வெப்பமும் இரண்டு மடங்குக்கு மேல். பேஸ்ட் தேர்வு உண்மையில் பலன் தருவதும், தவறினால் தண்டிப்பதும் இங்கேதான்.

அக்கா மகனின் கார்டில் நடந்ததற்குப் ‘பம்ப் அவுட்’ என்று பெயர். சிலிக்கன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் மூன்று பங்குகூட விரிவதில்லை. செம்பு ஏறக்குறைய 17 பங்கு விரியும். சிப்பும் அது ஒட்டியிருக்கும் பலகையும் வேறு வேறு அளவில் விரிவதால் சூடேறும்போது சிப் மிக மிகச் சிறிதாக வளைகிறது, ஆறும்போது நிமிர்கிறது. இடைவெளி மூச்சு விடுவதுபோல் சுருங்கி விரிகிறது. விளையாட்டைத் திறந்தால் ஒரு மூச்சு, மூடினால் ஒரு மூச்சு. ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது, திரும்பி வருவது அதைவிடக் குறைவு. நீர்த்த, எண்ணெய்ப்பசை கூடிய பேஸ்ட் முதல் நாள் அழகாக மெலிந்து நல்ல வெப்பநிலை காட்டும். அதே குணத்தால்தான் சில மாதங்களில் வெளியேறியும் விடும். முதல் நாள் சோதனை எடுத்து வெளியிடப்படும் தரவரிசைகளை வாட்டர் பிளாக் வைத்திருப்பவர்கள் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பத்தாவது மாதத்தின் எண் அங்கே இருக்காது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 28 டிகிரி. பிற்பகலில் 31, 32 சாதாரணம். 1983இல் தெங்காவிலும் 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் 37 டிகிரி பதிவானது. குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் எடுத்த சோதனையில் தண்ணீர் 30 டிகிரியில் நின்றால், சன்னல் திறந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அதே லூப்பின் தண்ணீர் 40ஐத் தொடும். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் அறையைவிடக் கீழே போக முடியாது. பேஸ்ட்டின் குறுக்கே ஏறும் டிகிரி இதனால் மாறுவதில்லை; அங்கே 5 என்றால் இங்கேயும் 5. மாறுவது, சிப் தாங்கும் எல்லைக்கும் நமக்கும் நடுவே உள்ள இடம். அங்கே பேஸ்ட் கெட்டால் 65 என்பது 80 ஆகும், கவனிக்காமல்கூட இருக்கலாம். இங்கே 75 என்பது 90 ஆகிக் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேஸ்ட்டும் எப்போதும் பத்து டிகிரி கூடுதல் சூட்டில் கிடக்கிறது. சூட்டில் எண்ணெய் இளகும், இளகினால் எளிதில் நகரும்.

(தண்ணீரை அறையைவிடக் குளிர வைக்கச் சில்லர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 30 டிகிரியில் ஈரப்பதம் 75 விழுக்காடு இருந்தால், ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். மதர்போர்டின்மேல் அது வேண்டாம்.)

இந்த வெப்பம் ஒரு விதத்தில் நமக்கு உதவவும் செய்கிறது. அண்மை ஆண்டுகளில் கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பலர் நாடும் பொருள் ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950. இது பெரும்பாலும் டியூபில் வராது. கால் மில்லிமீட்டர் தடிமனில் தாளாக வரும், சிப்பின் அளவுக்கு வெட்டி ஒட்டலாம். அறைச் சூட்டில் மெழுகுபோல் கெட்டியாக இருக்கும், சுமார் 45 டிகிரியில் இளகிப் பள்ளங்களில் இறங்கி, பிளாக்கின் அழுத்தத்தில் மெலியும். ஆறினால் மறுபடி இறுகும். பம்ப் அவுட்டுக்கு ஈடுகொடுப்பதில் இதுவரை நான் பார்த்தவற்றில் இதுவே மேல். நன்றாகக் குளிரும் லூப்பில் சிப் 45ஐத் தாண்டுவதற்கே நேரம் எடுக்கும், தாள் முழுதாக இளகாது என்ற தயக்கம் குளிர்நாடுகளில் உண்டு. தண்ணீரே 40இல் ஓடும் நம் ஊரில் அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதில் வேறொன்று வரும். இங்கத்திய சூட்டில் தாள் பிசுபிசுத்து, மேல் ஏட்டை உரிக்கும்போது கிழியும். பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு உரித்தால் சுத்தமாக வரும்.

டியூபில்தான் வாங்குவேன் என்றால், கிராபிக்ஸ் சிப்புக்குக் கெட்டிப்பதம் கூடியதாக எடுங்கள். ஆர்க்டிக்கின் எம்எக்ஸ்-6 அப்படிப்பட்டது. அதன் முன்னோடியான எம்எக்ஸ்-4ஐவிடத் தடித்தது, பரப்பக் கொஞ்சம் அடம்பிடிக்கும். மூடி உள்ள புராசசருக்கு எம்எக்ஸ்-4, நாக்டுவாவின் என்டி-எச்1, என்டி-எச்2 போன்ற பழகிய பெயர்கள் தாராளமாகப் போதும். இவை மின்சாரம் கடத்தாதவை, ஊற வைக்கும் காலமும் கேட்பதில்லை. பழைய ஆர்க்டிக் சில்வர் 5 தன் முழுத் திறனுக்கு வர 200 மணி நேரம்வரை ஆகும் என்று அதன் நிறுவனமே சொல்வதுண்டு. இன்று அதைத் தேடிப்போகக் காரணம் இல்லை.

திரவ உலோகம் என்று விற்கப்படும் காலியம் கலவையைப் பற்றிக் கேட்காத இளைஞர் இல்லை. தூய காலியம் 29.76 டிகிரியில் உருகும். குளிர்நாட்டு மேசையில் கட்டியாகக் கிடக்கும் அந்த உலோகம் இங்கே நண்பகலில் தானாகவே தண்ணீராகிவிடும். கடையில் வருவது இண்டியமும் வெள்ளீயமும் சேர்த்து, இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிலும் திரவமாகவே இருக்கும்படி செய்தது. எந்தப் பேஸ்ட்டும் அதன் கடத்துதிறனை நெருங்காது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் சோனி அதைத்தான் பயன்படுத்தியது, சுற்றிலும் தடுப்புக் கட்டி. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி தெறித்து மின்தேக்கிகள்மேல் விழுந்தால் கார்டு போயிற்று. அலுமினியத்தைத் தொட்டால் அதன் உள்ளே ஊடுருவி நொறுக்கிவிடும். வெறும் செம்பில் காலப்போக்கில் உறிஞ்சப்பட்டுக் கறை படியும், இடைவெளியும் காயும். நிக்கல் பூசிய பிளாக்கில் மட்டும், சிப்பைச் சுற்றியுள்ள பாகங்களுக்குக் காப்புப் பூசிய பிறகு, ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்க மனம் உள்ளவர் போடலாம். தண்ணீர் லூப்பை ஆண்டுதோறும் திறக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

வாங்குவது பெரிய சிரமம் இல்லை. தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) நடக்கும் தூரத்தில், ரோச்சோர் ரயில் நிலையத்தை ஒட்டி, 1987 முதல் நிற்கும் சிம் லிம் ஸ்குவேர் என்ற கணினிக் கடைத்தொகுதி இருக்கிறது. கடையில் எந்த எண் பெரியது என்று கேட்காமல் மூடி இல்லாத சிப்புக்கு எது நகராமல் நிற்கும் என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் அனுபவம் அங்கேயே தெரிந்துவிடும். பழைய இருப்பாக இருந்தால் டியூபை அழுத்தும்போது முதலில் எண்ணெய் மட்டும் தனியே கசியும். அதைச் சிப்பில் போடாதீர்கள்.

போடும் முறையில் ஒரு வேறுபாடு முக்கியம். மூடி உள்ள புராசசரில் நடுவே ஒரு பட்டாணி அளவு வைத்தால் அழுத்தமே பரப்பிவிடும். பல பிளாக்குகளின் அடித்தட்டு நடுவில் இம்மியளவு புடைத்திருப்பதால் அது நன்றாகவே பரவும். மூடி இல்லாத சிப்பிலோ ஒரு மூலை விடுபட்டாலும் அந்த மூலை கொதிக்கும். அங்கே முழுப் பரப்பையும் மெல்லியதாகப் பூசிவிட்டுத்தான் பிளாக்கை வைக்க வேண்டும். கூடுதலாகப் போனது விளிம்பில் பிதுங்கும், மின்சாரம் கடத்தாத பேஸ்ட் என்றால் அதனால் கேடில்லை. பழையதைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். திருகுகளைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

நினைவகச் சிப்புகளுக்கு வைக்கும் வெப்பத் திண்டுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிளாக் தயாரிப்பவர் 1 மில்லிமீட்டர் என்று சொன்ன இடத்தில், கடையில் கிடைத்தது என்று 1.5 வைத்தால் பிளாக் நடுச் சிப்பின்மேல் முழுதாக இறங்காது. அப்போது உலகின் மிகச் சிறந்த பேஸ்ட்டும் நூறு இருநூறு மைக்ரான் சேறாகத்தான் நிற்கும்.

நம் அறைக்குள் நடக்கும் இந்தச் சின்ன வேலைதான் இத்தீவின் தரவு மையங்களிலும் பெரிய அளவில் நடக்கிறது. சிங்கப்பூரின் மின்சாரப் பயன்பாட்டில் 2020இல் சுமார் 7 விழுக்காடு அவற்றுக்கே போனது. வெப்பமண்டலத் தரவு மையங்களை 26 டிகிரிக்கும் மேலே இயக்க வழிகாட்டும் தரநிலை 2023இல் வந்தது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடுவரை மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. இன்றைய செயற்கை நுண்ணறிவு சர்வர்களில் ஒரே அடுக்கு 120 கிலோவாட் அளவுக்கு இழுக்கிறது. செம்புத் தட்டும் தண்ணீரும் இல்லாமல் அதை ஆற்ற முடியாது. தட்டுக்கும் சிப்புக்கும் நடுவே அங்கேயும் இதே மெல்லிய ஏடுதான். அறை சூடாக இருக்கலாம் என்று முடிவெடுத்த இடத்தில் அந்த ஏட்டில் வீணாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் விலை இருக்கிறது.

அன்று மாலை அக்கா மகனின் கார்டில் தாளை ஒட்டினோம். முதல் நாள் வித்தியாசம் 15 காட்டியது. அவன் முகம் வாடியது. பழைய பேஸ்ட் புதிதில் 12 காட்டியிருந்ததே. நாலைந்து முறை சூடேறி ஆறிய பிறகு 13க்கு வந்து நின்றது. நாலு மாதம் ஆகிறது, இன்னும் 13தான். தண்ணீர், சிப், சூடான புள்ளி மூன்றின் எண்ணையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். புராசசரின் பிளாக்கை அன்று நாங்கள் கழற்றவில்லை. அதன் எண்கள் பத்து மாதத்தில் ஒரு டிகிரிகூட நகரவில்லை.